கதையை முடிக்க மறுத்தவர்

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பாட்டிமார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராஜகுமாரனுக்கும் ராஜகுமாரிக்கும் கலியாணம் நடந்ததும், "கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். "அப்புறம் என்ன ஆயிற்று, பாட்டி?" என்று குழந்தை கேட்டால், "அப்புறம் நீ தூங்கிவிட்டாய்" என்பதே பதில். குழந்தையும் தூங்கிப்போகும். முடிவு நிச்சயமாய்த் தெரிந்த கதையைப் போல் தூக்கத்துக்கு ஏற்ற மருந்து வேறில்லை.

வளர்ந்த பிறகும் நம்மில் பலர் அந்தக் குழந்தைகளாகவே இருக்கிறோம். நாவலைக் கையில் எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்! கதாநாயகி பிழைத்தாளா, கலியாணம் நடந்ததா என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவர்கள் முதல் அத்தியாயத்துக்கு வருவார்கள். இப்பேர்ப்பட்ட வாசகர்களுக்கு ஓர் ஆசிரியர் இரண்டு முடிவுகளை எழுதி வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? ஒன்றில் காதலர் சேருகிறார்கள், மற்றொன்றில் பிரிகிறார்கள். எது மெய் என்று ஆசிரியர் சொல்ல மறுக்கிறார்.

அப்படிச் செய்தவர் ஜான் பவுல்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர். 1926-ஆம் வருஷம் மார்ச்சு 31-ஆம் தேதி பிறந்து, 2005-ஆம் வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி காலமானவர். சுதேச இலக்கியத்தைப் போற்றும் இந்தப் பக்கங்களில் ஓர் ஆங்கிலேயருக்கு என்ன வேலை என்று சில நேயர்கள் புருவத்தை நெரிக்கலாம். சற்றே பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சுதந்திரம் என்ற சொல்லை நம்மைப் போலவே ஓயாமல் உச்சரித்தவர் இவர். அதன் இனிப்பையும் கசப்பையும் கதைகளில் மட்டுமன்றித் தம் வாழ்க்கையிலும் கண்டவர்.

* * *

லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் இடத்துக்கருகில் லீ-ஆன்-ஸீ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு சுருட்டு வியாபாரியின் குமாரராய்ப் பவுல்ஸ் பிறந்தார். பெட்போர்டு பள்ளியில் படித்தபோது மாணவர் தலைவராய் நியமிக்கப்பட்டார். அந்நாளைய ஆங்கிலப் பள்ளிகளில் மாணவர் தலைவன் என்றால் குட்டி ராஜா என்றே பொருள். சக மாணவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் அவனிடம் இருந்தது. பதினெட்டு வயதுக்குள் அதிகாரத்தின் ருசியை அறிந்துகொண்டதைப் பிற்காலத்தில் அவர் வெறுப்போடு நினைத்துப் பார்த்தார். ஒருவன் மற்றொருவனை ஆட்டிவைப்பது என்னும் விஷயம் அவருடைய நாவல்களிலெல்லாம் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்தப் பிரம்பும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசியில் கடற்படையின் மரீன் துருப்பில் சேர்ந்தார். அவருடைய பயிற்சி முடிவதற்கும் ஐரோப்பாவில் யுத்தம் முடிவதற்கும் சரியாய் இருந்தது. நமது நாடு விடுதலை பெற்ற அதே 1947-ல் அவர் ராணுவ உடுப்பைக் களைந்துவிட்டு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பிரெஞ்சு இலக்கியம் கற்கப் போனார். அங்கே ஸார்த்தர், காம்யு ஆகிய பிரெஞ்சு ஆசிரியர்களின் நூல்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. மனிதனை விதியும் ஆக்குவதில்லை, குலமும் ஆக்குவதில்லை. அவன் தேர்ந்தெடுக்கும் செயல்களே அவனை ஆக்குகின்றன என்பது அவர்களுடைய சித்தாந்தம். பவுல்ஸ் அதைப் பற்றிக்கொண்டார்.

பிறகு ஏறக்குறையப் பன்னிரண்டு வருஷம் உபாத்தியாயர் வேலை. பிரான்சில் புவாத்தியே சர்வகலாசாலையில் சிறிது காலம். 1951-லிருந்து 1953 வரையில் கிரேக்க நாட்டு ஸ்பெட்ஸஸ் தீவின் பள்ளியில். அப்புறம் லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலிருந்த பெண்கள் கல்லூரியில். பகலில் பாடம், இரவில் கதை. எழுதியவை வெகு காலம் பிரசுரமாகாமலே இருந்தன. முதல் நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. பகலெல்லாம் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துவிட்டு இரவில் பேனாவைப் பிடிக்கும் நம்மவர்களுக்கு இது ஓர் ஆறுதலான செய்தி.

* * *

அந்த முதல் நாவல் 1963-ல் வெளியான 'சேகரிப்பவன்'. முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, குண்டூசி குத்தி, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைக்கிறான். கால்பந்துப் போட்டிச் சீட்டில் அவனுக்குப் பெருந்தொகை விழுகிறது. அந்தப் பணத்தைக்கொண்டு ஒதுக்குப்புறமாய் ஒரு வீட்டை வாங்குகிறான். வெகு நாளாய்த் தூரத்திலிருந்து பார்த்துவந்த மிராண்டா என்ற சித்திரக் கலை மாணவியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டு நிலவறையில் அடைத்து வைக்கிறான். கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறான். உயர்ந்த உணவு, புத்தகங்கள், உடைகள். ஒன்றை மட்டும் தருவதில்லை. அவள் நோயுற்று இறந்து போகிறாள். அவனோ அடுத்த பெண்ணைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறான்.

இந்தக் கதையில் நம்மை நடுங்கச் செய்வது அவனுடைய கொடுமை அன்று. தான் கொடுமை செய்வதாகவே அவனுக்குத் தோன்றாததுதான். தான் அவளை நேசிப்பதாகவே நம்புகிறான். பாதிக் கதையை அவன் சொல்லுகிறான். மறு பாதி அவள் நிலவறையில் எழுதிய நாட்குறிப்பு. ஒரே சம்பவம் இரண்டு வாயில் இரண்டு விதமாகிறது. ஆசிரியர் நடுவே வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. பவுல்ஸும் சிறு வயதில் வண்ணத்துப்பூச்சி பிடித்தவர். பிற்காலத்தில் அவ்வழக்கத்தை அடியோடு வெறுத்தவர். உயிருள்ளதைத் தனதாக்கிக்கொள்ள விரும்புகிறவன் அதைக் கொன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்ற உண்மை அவர் வலையோடு ஓடித் திரிந்து கற்றது.

புத்தகம் நன்றாய் விற்றது. 1965-ல் சினிமாவாகவும் வந்தது. ஆசிரியர் உத்தியோகத்தை விட்டார். கிரேக்கத் தீவின் நினைவுகளை வைத்து வருஷக்கணக்காய் எழுதி வந்த 'மந்திரவாதி' நாவலை அதே 1965-ல் வெளியிட்டார். அதில் ஓர் இளம் ஆசிரியன் தீவுக்குப் போகிறான். காங்கிஸ் என்ற விசித்திரமான செல்வந்தர் அவனைச் சுற்றி நாடகம் போன்ற ஓர் உலகத்தைக் கட்டுகிறார். எது நடிப்பு, எது நிஜம் என்று அவனுக்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. கடைசியில் அவனும் அவன் கைவிட்ட ஆலிஸன் என்ற பெண்ணும் சந்திக்கிறார்கள். சேர்ந்தார்களா, இல்லையா? கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

வாசகர்கள் விடுவார்களா? கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் இரண்டைப் பற்றிப் பவுல்ஸே சொல்லியிருக்கிறார். நியூயார்க் ஆஸ்பத்திரியில் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த ஒரு வக்கீல், அவ்விருவரும் சேர வேண்டும் என்று உருக்கமாய் எழுதியிருந்தார். சேர்ந்துவிட்டார்கள் என்று பவுல்ஸ் பதில் எழுதினார். அதே நாளில் ஒரு சீமாட்டி, முடிவைத் தெளிவாய்ச் சொல்ல உமக்கு என்ன கேடு என்று கோபித்து எழுதியிருந்தாள். அவர்கள் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை என்று அவளுக்குப் பதில் போயிற்று!

இதைப் படித்துச் சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று புலப்படுகிறது. கதையின் முடிவு கதையில் மட்டும் இல்லை. கேட்கிறவன் நெஞ்சிலும் பாதி இருக்கிறது.

* * *

பவுல்ஸின் புகழ் நிலைபெற்றது 1969-ல் வெளிவந்த 'பிரெஞ்சு லெப்டினெண்டின் பெண்' என்ற நாவலால். அப்போது அவர் இங்கிலாந்தின் தென் கரையில் லைம் ரீஜிஸ் என்ற பழைய துறைமுக ஊரில் குடியேறியிருந்தார். அவ்வூரில் கடலுக்குள் வளைந்து செல்லும் கல் அணைக்குக் 'காப்' என்று பெயர். 1966-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, பாதித் தூக்கத்தில், அவர் மனக்கண்முன் ஒரு காட்சி தோன்றியது. ஆளில்லாத துறையின் கோடியில் ஒரு பெண் நிற்கிறாள். முதுகு நமக்கு, முகம் கடலுக்கு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே அவர் நாவல் எழுதத் தொடங்கினார்.

கதை 1867-ஆம் வருஷத்தில் நடக்கிறது. விக்டோரியா மகாராணியின் காலம். சார்லஸ் ஸ்மித்ஸன் என்ற செல்வக் கனவான், பாறைகளில் படிந்துள்ள பழைய பிராணிகளின் கல்லுருவங்களைத் தேடிச் சேர்ப்பவன். டார்வினுடைய கொள்கையை நம்புகிறவன். லண்டனில் பெரிய ஜவுளிக் கடை வைத்திருக்கும் பிரபுவின் மகளோடு அவனுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறது. அப்போது அவன் ஸாரா என்ற ஏழைப் பெண்ணைக் காண்கிறான். கப்பல் உடைந்து கரைசேர்ந்த பிரெஞ்சு லெப்டினெண்டு ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுத்து ஏமாந்தவள் என்று ஊரார் அவளைத் தூற்றுகிறார்கள். பக்தி வேஷம் போட்ட ஒரு பணக்கார விதவை, தன் புண்ணியக் கணக்கில் சேருவதற்காக, அவளை வேலைக்கு வைத்துக்கொண்டு வதைக்கிறாள்.

பன்னிரண்டு அத்தியாயங்கள் வரையில் டிக்கன்ஸ், ஹார்டி முதலியோரின் நாவலைப் படிப்பது போலவே இருக்கிறது. பதின்மூன்றாவது அத்தியாயத்தில் திடீரென்று ஆசிரியர் திரையை விலக்கிக்கொண்டு வருகிறார். ஸாரா யார் என்று தமக்குத் தெரியாது என்கிறார். இவர்களெல்லாரும் தம் கற்பனையே என்று ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், சார்லஸை நேரே ஊருக்குத் திரும்பிப் போகும்படி தாம் கட்டளையிட்டதாகவும், அவன் கேட்காமல் பால் பண்ணைக்கு இறங்கிப் போய்விட்டதாகவும் சொல்லுகிறார்! தாம் படைத்த மனிதர்களுக்குச் சுதந்திரம் கொடாதவன் சிருஷ்டிகர்த்தா ஆகான் என்பது அவர் கட்சி.

இவ்விதமான எழுத்துக்குப் பண்டிதர்கள் 'பின்நவீனத்துவம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது. வீடு கட்டின கொத்தனார் சாரத்தைப் பிரிக்காமல் விட்டு, "பாருங்கள், இப்படித்தான் கட்டினேன்" என்று காட்டுவதைப் போன்றது. இதிலும் முன்னோர் வழி உண்டு. தாக்கரே தமது 'வேனிட்டி பேர்' நாவலில் தம்மைப் பொம்மலாட்டக்காரராய்ச் சொல்லிக்கொண்டு, கடைசியில் பொம்மைகளைப் பெட்டியில் போட்டு மூடுகிறார். டிக்கன்ஸ் தம் 'பெரும் எதிர்பார்ப்புகள்' கதைக்கு முதலில் எழுதிய முடிவை ஒரு நண்பர் சொற்கேட்டு மாற்றினார். ஆனால் தாக்கரேயின் பொம்மைகள் பெட்டிக்குள் போயின. பவுல்ஸின் பொம்மைகளோ கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே போகின்றன. டிக்கன்ஸ் ஒரு முடிவை மறைத்து மற்றொன்றை வெளியிட்டார். பவுல்ஸ் இரண்டையும் வெளியிட்டார்.

நாற்பத்து நாலாவது அத்தியாயத்தில் சார்லஸ் நல்ல பிள்ளையாய் நிச்சயித்த பெண்ணையே மணந்துகொள்கிறான். அப்பாடா என்று நாம் பெருமூச்சு விடுவதற்குள், அது அவன் ரெயில் பிரயாணத்தில் எண்ணிப் பார்த்ததே தவிர நடந்ததன்று என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அவன் நிச்சயதார்த்தத்தை முறித்து, மானம் இழந்து, ஸாராவைத் தேடுகிறான்; அவளோ மறைந்துவிட்டாள். ஊரார் அவளைப் பற்றிப் பேசிய கதையில், அவள் வாயாலேயே சொன்ன கதையில், முக்கியமான பகுதி பொய் என்று இதற்குள் தெரிந்துவிடுகிறது. பழிச்சொல்லை அவளே வலிய வாங்கி அணிந்துகொண்டாள். ஏன்? யாருடைய மனைவியாகவும் யாருடைய வேலைக்காரியாகவும் ஆகாமல் தானாய் நிற்பதற்கு, ஓர் ஏழைப் பெண்ணுக்கு அந்நாளில் வேறு வழி இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் பார்லிமெண்டில் ஸ்திரீகளுக்கு வாக்குரிமை கேட்டுத் தோற்றது அதே 1867-ல்தான் என்பதை ஆசிரியர் நமக்கு நினைவூட்டுகிறார்.

பின்னர் ஒரு ரெயில் வண்டியில் தாடி வைத்த ஒருவர் ஏறி, தூங்கும் சார்லஸைக் கூர்ந்து பார்க்கிறார். அவர் வேறு யாருமல்லர், நாவலாசிரியரேதான். இவனை என்ன செய்வது என்று யோசிக்கிறார். இரண்டு முடிவுகளில் எதைக் கடைசியில் வைத்தாலும் ஜனங்கள் அதையே மெய்யென்று கொள்வார்கள் என்ற சங்கடம் அவருக்கு. ஆகவே ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வரிசையைத் தீர்மானிக்கிறார். ஒரு முடிவில் சார்லஸும் ஸாராவும், இடையில் பிறந்த குழந்தையோடு, ஒன்று சேருகிறார்கள். ஆசிரியர் கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார். மற்றொரு முடிவில் அவள் தன் சுதந்திரத்தை விட மறுக்கிறாள். அவன் தன்னந்தனியே வெளியேறுகிறான்.

"கயிற்றை அறுத்ததாக எழுதியதும் அவருடைய பேனாதானே? இது வெறும் சாலக்கு அல்லவா?" என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதாடினார். நியாயமான கேள்விதான். ஆனால் பிடியைத் தளர்த்துவதாக ஒரு கணம் பாவிப்பவனுக்குக்கூட, தன் கையில் பிடி இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அது தெரியாதவன்தான் நிலவறைக்காரன்.

* * *

இந்நாவல் 1981-ல் சினிமாவாயிற்று. இரண்டு முடிவுகளைத் திரையில் எப்படிக் காட்டுவது? நாடகாசிரியர் ஹெரால்டு பிண்டர் ஒரு யுக்தி செய்தார். சார்லஸாகவும் ஸாராவாகவும் நடிக்கும் இக்காலத்து நடிகர் இருவருக்குள்ளே ஒரு காதற்கதையைச் சேர்த்தார். உள்கதையில் காதலர் சேருகிறார்கள், வெளிக்கதையில் பிரிகிறார்கள்.

இப்போது, புருவத்தை நெரித்த நேயர்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும். 1964-ல் பவுல்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். தாம் இங்கிலீஷ்காரரே தவிர பிரிட்டிஷ்காரர் அல்லர் என்பது அதன் சாரம். சிவப்பும் வெள்ளையும் நீலமுமான கொடியைப் பிடித்துக்கொண்டு உலகத்தை ஆளப் புறப்பட்ட பிரிட்டன் ஒன்று. காடும் பசுமையுமாய், அநீதியைக் கண்டால் ராபின் ஹுட்டைப் போல் வனத்துக்குள் ஒதுங்கி நின்று எதிர்க்கும் இங்கிலாந்து மற்றொன்று. தம் விசுவாசம் பச்சை இங்கிலாந்துக்கே என்றார். பிறரை அடிமை கொண்ட தேசத்தில் பிறந்தவர்களிலும், அந்த ஆட்சி தம் ஆத்மாவையும் சிறுக்கச் செய்தது என்று உணர்ந்தவர்கள் உண்டு. நாட்டுப் பற்று வேறு, ஆதிக்கப் பற்று வேறு என்பதை அயலான் வாயிலாகக் கேட்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது.

எனினும் அவரைப் பூஜை அறையில் வைக்கும்படி நாம் சொல்லவில்லை. ஸ்பெட்ஸஸ் தீவில் அவரோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியரின் மனைவி எலிஸபெத். அவளுக்கும் பவுல்ஸுக்கும் காதல் மூண்டது. அவள் கணவனை விட்டு வந்தாள். சின்னஞ்சிறு மகள் தாயைப் பிரிய வேண்டியதாயிற்று. பிற்பாடு பவுல்ஸும் எலிஸபெத்தும் மணந்துகொண்டு, 1990-ல் அவள் இறக்கும் வரையில் கூடி வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய நாட்குறிப்புகள் 2003-லும் 2006-லும் இரண்டு பாகங்களாய் வெளிவந்தன. அவற்றில் மனிதர்கள்மீதும் சில இனத்தார்மீதும் கொட்டியுள்ள காழ்ப்பைப் படிக்கவே கூசுகிறது. தம்மை அழகாய்க் காட்டிக்கொள்ள நினைத்திருந்தால் அவற்றை அவர் எரித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் பிரசுரத்துக்குக் கொடுத்தார்.

கதாபாத்திரத்துக்குச் சுதந்திரம் கொடுத்தவர் தம் சுதந்திரத்துக்கு ஒரு குழந்தையை விலை கொடுக்கச் செய்தாரே என்று நம் மனம் உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். காகிதத்தில் நாணயத்தைச் சுண்டி இரண்டு முடிவுகளை வைத்துக்கொள்ளலாம். வாழ்க்கையில் கடிகாரத்தைக் கால் மணி பின்னுக்குத் தள்ள யாராலும் முடியாது. இது பவுல்ஸுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தானோ என்னவோ, சேராத முடிவைக் கடைசியில் வைத்தார்!

பிற்காலத்தில் அவர் 'டேனியல் மார்ட்டின்' (1977), 'மாண்டிஸா' (1982), பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கும் 'மேகட்' (1985) ஆகிய நாவல்களை எழுதினார். 1979 முதல் 1988 வரையில் லைம் ரீஜிஸ் பொருட்காட்சிசாலையைக் கௌரவப் பொறுப்பாளராய் இருந்து கவனித்துக்கொண்டார். மேரி ஆனிங் என்ற ஏழைத் தச்சன் மகள் அவ்வூர்ப் பாறைகளிலிருந்து ஆதிகாலத்து ராட்சதப் பிராணிகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்து உலகத்தை வியக்கச் செய்தவள். அவள் பிறந்த வீடு இருந்த இடத்திலேயே அந்தச் சாலை நிற்கிறது. உலகப் புகழ் பெற்ற ஆசிரியர் உள்ளூர்ப் பழம் பத்திரங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார் என்பது நமக்கு அவருடைய நாவல்களைக் காட்டிலும் குறைந்த பெருமையாய்த் தோன்றவில்லை. 1988-ல் அவருக்குப் பாரிச வாயு கண்டது. அதற்கப்புறம் புது நாவல் வரவில்லை.

* * *

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு, ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். இரண்டு விடை எழுதியவனுக்கு மார்க்கு இல்லை. வீட்டிலும் அப்படியே. பையன் டாக்டர், பெண்ணுக்கு இன்ன இடத்தில் கலியாணம் என்று கடைசி அத்தியாயத்தை நாமே எழுதி வைத்துவிட்டு, நடு அத்தியாயங்களில் அவர்கள் பால் பண்ணைக்கு இறங்கிப் போனால் கோபித்துக்கொள்கிறோம். அத்தனையும் அன்பினால்தான், நிலவறைக்காரனும் அன்பு என்றுதான் சொன்னான்.

பிள்ளைகளைக் கட்டவிழ்த்து விட்டுவிடுங்கள் என்று நாம் உபதேசிக்க வரவில்லை. தாயைப் பிரிந்த அந்தக் குழந்தையையும் நாம் மறக்கவில்லை. ஆனால் துறைமுகத்துக் கல் அணையின் கோடியில் முதுகைக் காட்டி நிற்கும் அந்தப் பெண்ணை, 'திரும்பு, உன் முகத்தைக் காட்டு' என்று அதட்டாமல், அவள் யாரென்று அறிய மூன்று வருஷம் காத்திருந்து எழுதினாரே ஒருவர், அந்தப் பொறுமையில் கொஞ்சம் நம் வீடுகளுக்கும் வேண்டியிருக்கிறது.

இன்று இரவு குழந்தை, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டால், உடனே கத்தரிக்காயைக் காய்க்க விடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். தூக்கம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். வரட்டுமே!